நம்பர் கொடுத்தால் போதாது: பாலியல் வன்முறைக்கு ஆளானவரை உதவி மையத்தில் ஆள்வழியாகச் சேர்ப்பது எப்படி

மகளிர் குழு ஊக்குநர், கல்லூரி ஆசிரியர், விடுதிக் காப்பாளர், தொழிற்சங்கத்துக்காரர், வார்டு உறுப்பினர், பக்கத்து வீட்டு அக்கா என்று யாரிடம் வேண்டுமானாலும் ஒரு பெண் வந்து "எனக்கு இப்படி நடந்திருச்சு" என்று சொல்லலாம். அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: ஒரு தாளில் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ எழுதிக் கொடுத்துவிட்டு "இதுக்குப் போடும்மா, பாத்துக்குவாங்க" என்பது.

நம்பரில் தப்பில்லை. ஆனால் வாங்கிக்கொண்டு போனவர்களில் பலர் அழைப்பதே இல்லை. யார் எடுப்பார்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது, வீட்டுக்குப் போலீஸ் வந்துவிடுமா, "நீ ஏன் அங்க போன" என்று கேட்பார்களா என்பதெல்லாம் தெரியாமல், ஏற்கெனவே ஆடிப்போயிருக்கும் ஒருவர் முன்பின் தெரியாத குரலுக்குத் தன் கதையை முதல் வரியிலிருந்து சொல்ல வேண்டும் என்றால் கை பின்வாங்கத்தான் செய்யும். அந்தப் பக்கம் பெயர் தெரிந்த ஒருவர் இருக்கிறார், இவர் வரப்போவது அவருக்கு முன்பே தெரியும், கதையை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை என்றால் நிலைமையே வேறு. அதை ஏற்பாடு செய்வதற்கான வழிகாட்டிதான் இது. தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள், சிக்கல் பெரும்பாலும் வரிசை மாறும்போதுதான் வருகிறது.

1. யாரும் வருவதற்கு முன்பே ஆட்களைப் பழகிக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகும் படி இது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் உங்கள் வாசலில் நிற்கும்போது கூகுளில் தேட ஆரம்பித்தால் கிடைப்பது மாறிப்போன எண்ணும், எடுக்காத தொலைபேசியும்தான். உங்களுக்கே தெரியாத ஒருவரை நீங்கள் எப்படி அறிமுகம் செய்வீர்கள்?

முதலில் உங்கள் மாவட்டத்து ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு நேரில் போங்கள். 'சகி' என்றும் சொல்வார்கள். 2015-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. மருத்துவ உதவி, காவல் துறை உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி, ஐந்து நாள் வரை தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மையம் எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அங்கே போய் "நல்லா நடத்துறீங்களா மேடம்" என்று கேட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பாதீர்கள். குறிப்பாகக் கேளுங்கள். ராத்திரி வந்தால் கதவைத் திறப்பது யார்? கைக்குழந்தையோடு வந்தால் தங்கலாமா? ஆஸ்பத்திரிக்கு உங்கள் ஆள் கூட வருவாரா? புகார் கொடுக்க விருப்பமில்லை என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். "பேசிப் புரிய வச்சு கொடுக்க வைப்போம்" என்றால் ஜாக்கிரதை. "சமாதானம் பேசி அனுப்பிடுவோம்" என்றால் அந்த ஆளை உங்கள் பட்டியலில் சேர்க்காதீர்கள், அதே மையத்தில் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

அடுத்து அரசு மருத்துவமனை. கேசுவால்டி, மகப்பேறு மருத்துவப் பிரிவு, எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையம் ஆகிய மூன்றிலும் ஆளுக்கு ஒருவரையாவது தெரிந்திருக்க வேண்டும். டாக்டர்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார்கள். ஸ்டாஃப் நர்ஸும் நம்பிக்கை மைய ஆலோசகரும் அப்படி அடிக்கடி மாறுவதில்லை, அவர்களைப் பிடியுங்கள்.

பிறகு அனைத்து மகளிர் காவல் நிலையம், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, குழந்தைகள் விஷயத்துக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது, அங்கே யாராவது வருமானச் சான்று கேட்டால் அதை நினைவுபடுத்துங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அரசு சாராத அமைப்புகளும் உண்டு: வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு பி.சி.வி.சி., குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக்குத் துளிர்.

ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர். ஒருவர் லீவில் இருப்பார், மாற்றலாகிப் போவார், ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சும்மா போன் போட்டு "மேடம், அங்கேதான் இருக்கீங்களா" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் காத்திருக்கும் நேரத்தில் அவர் மற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எல்லோர் காதிலும் விழும்படி "என்ன கேஸு?" என்று கேட்கிறவர், பதவி எவ்வளவு பெரிதானாலும் நமக்கு வேண்டாம்.

2. முதல் பேச்சில் மூன்று கேள்விக்கு மேல் கேட்காதீர்கள்

சரி, ஒருவர் வந்துவிட்டார். அவர் சொல்வதைக் கேளுங்கள், தோண்டாதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்றுதான். இப்போது பாதுகாப்பான இடத்தில் இருக்கிறாரா, செய்தவன் பக்கத்தில் இருக்கிறானா? எப்போது நடந்தது? வயது பதினெட்டுக்குக் கீழா மேலா?

யார் செய்தார், எப்படிச் செய்தார், எத்தனை தடவை என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. இந்த விவரத்தை டாக்டர் கேட்பார், போலீஸ் கேட்கும், மாஜிஸ்திரேட் கேட்பார், அப்புறம் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் குடைவார். அந்த வரிசையில் நீங்களும் ஒருவராக நிற்க வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள், குறிப்பு எடுக்காதீர்கள்.

ரெக்கார்ட் செய்யாதீர்கள், வீடியோவும் வேண்டாம். "ஆதாரத்துக்கு இருக்கட்டும்" என்று நல்ல எண்ணத்தில் எடுக்கும் வீடியோ நாளைக்கு எங்கே போகும் என்று உங்களாலும் சொல்ல முடியாது.

ஆபத்து இப்போதே இருக்கிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம், 112-ஐ அழையுங்கள். காயம் இருந்தால் 108.

3. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பாதை வேறு

இதை ஆரம்பத்திலேயே பிரித்துவிடக் காரணம், இங்கே உங்களுக்குத் தேர்வு கிடையாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த யாரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது நடவடிக்கை கிடையாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

அதனால் ஒரு மாணவி "சார், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஆரம்பித்தால் சத்தியம் பண்ணாதீர்கள். "உன்னைக் காப்பாத்த வேண்டிய விஷயமா இருந்தா ரெண்டு பேர்கிட்ட சொல்ல வேண்டி வரும்மா, யார்கிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சத்தியம் பண்ணிவிட்டுப் பின்னால் மீறினால் அந்தப் பிள்ளை அடுத்த பெரியவரிடம் வாயே திறக்காது.

ஆள்வழி அறிமுகம் இங்கேயும் முடியும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ நீங்களே அழைத்து, குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உங்களுக்குத் தெரிந்தவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்குமூலத்தைக் குழந்தை இருக்கும் வீட்டிலேயோ அதற்குப் பிடித்த இடத்திலேயோ வாங்க வேண்டும், கூடுமானவரை உதவி ஆய்வாளர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், வாங்கும்போது சீருடையில் இருக்கக் கூடாது. ராத்திரியில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வழக்கு முடியும் வரை கூட இருக்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம், கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் அந்தப் பேச்சே வராது.

வீட்டில் இருப்பவரே செய்தவராக இருக்கலாம். அதனால் குழந்தையிடம் கேட்காமல் அப்பாவையோ மாமாவையோ முதலில் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள்.

4. மருத்துவம் முதலில், காரணம் கடிகாரம்

நடந்து ஐந்து நாளுக்குள் என்றால் போலீஸா, வக்கீலா, ஆலோசனையா என்ற பேச்சுக்கு முன்னால் ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அப்புறம் 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 72 மணி நேரத்துக்குள் என்றால் பலன் அதிகம், 120 மணி நேரம் வரை பயன்படும். உடலிலிருந்து எடுக்கும் தடய மாதிரிகளுக்கு 96 மணி நேரம் என்பது மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் கொடுத்த வழிகாட்டுதலில் உள்ள கணக்கு.

மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளில் அது வைத்திருப்பதில்லை. பத்துக் கடை ஏறி இறங்குவதற்குள் நேரம் போய்விடும், மருந்துக்கடைக்காரர் பார்வையையும் அந்தப் பெண் தாங்க வேண்டும். நேராக அரசு மருத்துவமனைதான்.

குளிக்காமல், உடுப்பை மாற்றாமல் போனால் நல்லது. மாற்றிவிட்டால் பழைய உடுப்பைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டார் என்றால் "ஐயோ, குளிச்சிட்டியா" என்று உச்சுக்கொட்டாதீர்கள். அப்படியே கூட்டிப் போங்கள், சிகிச்சைக்கு அது தடையே இல்லை.

சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 397-ஆவது பிரிவு சொல்கிறது, மறுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. "போலீஸ்ல இருந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்பதுதான் கேசுவால்டியில் அதிகமாகக் காதில் விழும் வரி. சண்டை போடாமல், பிரிவு எண்ணைச் சொல்லி, நிலைய மருத்துவ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முதல் படியில் பழகி வைத்த ஸ்டாஃப் நர்ஸ் இங்கேதான் கைகொடுப்பார்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, வாசலைத் தாண்டும் முன்பே அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதே பிரிவுப்படி மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். வழக்கு வேண்டாம் என்றால் அதை எழுத்தில் பதிவு செய்யச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, பரிசோதனையின் எந்தப் பகுதிக்கும் வேண்டாம் என்று சொல்லலாம், அப்படிச் சொன்னாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. ஆனால் தகவல் போகும். உள்ளே போன பிறகு இது தெரிந்தால் உங்கள் மேல் வைத்த நம்பிக்கை அங்கேயே முடிந்தது.

பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் பரிசோதனை கூடவே கூடாது. உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில், செய்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிற அளவுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்கு முன் அந்தப் பெண்ணிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

நாள் கடந்து வந்தவர்களுக்கும் ஆஸ்பத்திரி உண்டு. கர்ப்பம் என்றால், 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு வழி இருக்கிறது, 20 வாரத்தைத் தாண்டினால் இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும்.

5. எந்த வாசல் என்பதை அவர் சொல்லட்டும்

மருத்துவ அவசரம் தீர்ந்ததும் அவசரம் உங்களுக்கும் இருக்கக் கூடாது. என்னென்ன வழி இருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்: தங்க இடம், பேச ஓர் ஆள், இலவச வக்கீல், போலீஸ் புகார், இப்போதைக்கு எதுவுமில்லை. கடைசியாகச் சொன்னதும் ஒரு வழிதான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் செய்வது, ஒரே நாளில் ஐந்து இடத்துக்கும் போன் போட்டுவிடுவது. மறுநாள் ஐந்து தெரியாத எண்களிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அழைப்பு வருகிறது, வீட்டில் யாரோ எடுக்கிறார்கள், கதை கந்தல். ஒரு நேரத்தில் ஒரு வாசல், அதுவும் அவர் காட்டியது.

செய்தவர் அலுவலகத்து ஆள் என்றால் ஒரு கெடுவை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க அலுவலகத்திலேயே இருக்க வேண்டிய உள்ளகக் குழுவில் புகார் கொடுக்க மூன்று மாதம், காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம். வீட்டு வேலை செய்பவர்களும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் இருப்பவர்களும் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும்.

வந்திருப்பவர் ஆண் என்றால் வாசல்கள் குறைவு, அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ். சட்டத்தில் வளர்ந்த ஆண் மீதான வல்லுறவுக்கென்று பிரிவு இல்லை, பழைய சட்டத்தின் 377-ஆவது பிரிவும் போய்விட்டது. ஆனால் சிகிச்சை உண்டு, 14416 எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை உண்டு, சிறுவன் என்றால் போக்சோ முழுமையாகப் பொருந்தும். திருநங்கைகளுக்கு, அவர்கள் நம்பும் சமூகத் தலைவி ஒருவர் வழியாக அறிமுகம் போனால் நல்லது, அவர் கூட வந்தால் அலுவலகத்தில் பேச்சின் தொனியே மாறும்.

6. எதைச் சொல்லலாம் என்று வார்த்தை வார்த்தையாக அனுமதி வாங்குங்கள்

"நான் அந்த மேடம்கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையாட்டினால் அது அனுமதியாகாது. அந்த நிலையில் இருப்பவர் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். நீங்கள் சொல்லப்போகும் மூன்று வரியை அவர் முன்னாலேயே எழுதிப் படித்துக் காட்டுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரை அடியுங்கள், ஊர் வேண்டாம் என்றால் ஊரை அடியுங்கள். பேனாவை அவர் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது.

கூடவே போன் பற்றிக் கேளுங்கள். இது அவருடைய போன்தானா, வேறு யாரும் எடுப்பார்களா? எந்த நேரத்தில் கூப்பிடலாம்? வாட்ஸ்அப்பை வேறு யாராவது பார்ப்பார்களா? மையத்து மேடத்தின் எண்ணை 'டெய்லர் அக்கா' என்று பதிந்து வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்.

அடையாளத்தை வெளியிடுவது பி.என்.எஸ். 72-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் அரசாணையிலேயே பெயர் வெளியானது, அண்ணா பல்கலைக்கழக மாணவி வழக்கில் 2024 டிசம்பரில் எஃப்.ஐ.ஆரே கசிந்தது. இரண்டிலும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. அரசாங்கக் காகிதமே ஒழுகும் ஊரில் உங்கள் வாட்ஸ்அப் குழு எம்மாத்திரம்? "ஒரு கேஸ் வந்திருக்கு, யாராவது உதவ முடியுமா" என்று வயது, தெரு, கல்லூரியோடு குழுவில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர் போடவில்லையே என்பார்கள். சின்ன ஊரில் கல்லூரியும் தெருவும் தெரிந்தால் பெயர் எதற்கு?

7. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அழையுங்கள்

அனுமதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு, அப்புறம் சாவகாசமாகப் பேசாதீர்கள். அவர் முன்னால், ஸ்பீக்கரில் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள். அவர் அனுமதித்ததைத் தாண்டி நீங்கள் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும், மறுமுனைக் குரல் எப்படி இருக்கிறது என்றும் தெரியும். ஸ்பீக்கரில் இருக்கிறது, அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறுமுனையில் இருப்பவரிடமும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்: "மேடம் வணக்கம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், என் பக்கத்துல ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒரு பிரச்சினை, ஆஸ்பத்திரி பாத்தாச்சு. தங்க இடம் வேணும், கேஸ் பத்தி இப்ப முடிவு பண்ணல. நாளைக்கு நீங்களே இருக்கிற நேரமா பாத்து வரலாமா? மீதியை அவங்களே சொல்லுவாங்க."

அவ்வளவுதான். மறுமுனையில் "என்ன ஆச்சு, யாரு, லவ் மேட்டரா?" என்று கேட்டால் "அவங்க வந்து சொல்லுவாங்க மேடம்" என்பதிலேயே நில்லுங்கள். அப்புறம், பெண் சரி என்றால், போனை அவர் கையில் கொடுங்கள். "வாங்கம்மா, நான் இருக்கேன்" என்று ஒரு வரி அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் போதும், மறுநாள் அவர் வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அழைப்பை முடிக்கும் முன் யாரை, எங்கே, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் வாங்குங்கள். "எப்ப வேணா வாங்க" என்பது பதில் இல்லை.

8. கூடப் போகும் நாள்

போகும் காலையில் மையத்துக்கு ஒரு போன் போடுங்கள், மேடம் மீட்டிங்குக்கு ஆட்சியர் அலுவலகம் போயிருப்பார். புறப்பட்ட பின் தெரிந்தால் அந்தப் பெண் இன்னொரு தடவை கிளம்ப மாட்டார்.

பஸ்ஸா ஆட்டோவா, செலவு யாருடையது, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். தெரிந்த ஆட்டோக்காரர் வேண்டாம், அதே ஊர் ஆளாக இருப்பார். தண்ணீர், பிஸ்கட், மாற்று உடுப்பு, நாப்கின், மருந்துச் சீட்டு, ஆதார் இருந்தால் ஆதார். ஆதார் இல்லை என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் மனம் மாறினால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம் என்பதைப் புறப்படும் முன்னும் வாசலிலும் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் இருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். கதையை நீங்கள் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு அலுவலகப் பேச்சு பழக்கம், கோர்வையாகச் சொல்வீர்கள், மேடமும் உங்கள் முகத்தைப் பார்த்தே பேச ஆரம்பிப்பார், பெண் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அதைத் தவிர்க்க நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வேன். கேள்வி என்னிடம் வந்தால் திரும்பி அவரைப் பார்ப்பேன்.

கொஞ்ச நேரத்தில் "நான் வெளியே இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். இருங்கள் என்றால் இருங்கள். சிலர் தெரிந்தவர் முன்னால் சொல்லாததை, தெரியாதவரிடம் சொல்வார்கள்.

9. அந்த வாசல் காவல் நிலையம் என்றால்

இங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்று பி.என்.எஸ்.எஸ். 173-ஆவது பிரிவு சொல்கிறது, "அது எங்க லிமிட் இல்ல" என்பது செல்லாது. வல்லுறவுக்கு ஆளானவர் தன் வாக்குமூலத்தை வீட்டிலேயே கொடுக்கலாம், அப்போது பெற்றோரோ நெருங்கிய உறவினரோ அந்தப் பகுதியின் சமூகப் பணியாளரோ கூட இருக்கலாம். மாற்றுத்திறனாளி என்றால் மொழிபெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ இருக்க வேண்டும், வீடியோ பதிவும் உண்டு.

நம் ஊரில் அதிகம் ஏமாறுவது சி.எஸ்.ஆர். ரசீதில். புகாரை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்து "பதிவு பண்ணியாச்சும்மா, போயிட்டு வாங்க" என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும்தான், வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். வேறு. வல்லுறவு போன்ற குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். பதியாமல் விடுவது அந்த அதிகாரிக்கே பி.என்.எஸ். 199-ஆவது பிரிவில் தண்டனைக்குரியது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு எண்ணையும் (ஏ.ஆர். எண்) தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"பையன் வீட்ல பேசிப் பாக்கலாமே", "கல்யாணம் பண்ணி வச்சிடலாம்" என்று பேச்சு போனால் எழுந்து நில்லுங்கள். வெளியே வந்து சேவை மையத்துக்கோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ போன் போடுங்கள், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்பும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ, செய்தவர் அப்படி இல்லை என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் விசாரணை முடியும் முன்பே தவணையாக நிவாரணத் தொகை உண்டு, சேர்க்காவிட்டால் அது போய்விடும்.

10. கைமாற்றிவிட்டு விலகுங்கள், ஆனால் ஒரு தடவை விசாரியுங்கள்

அடுத்த சந்திப்பு எப்போது, யாரோடு, அவர் எண் என்ன என்பது பெண்ணின் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உங்கள் வேலை முடிகிறது. உங்கள் வழியாகத்தான் பேச வேண்டும் என்ற நிலையை உருவாக்காதீர்கள். மையத்து மேடம் "நீங்களே கேட்டுச் சொல்லுங்க" என்று உங்களை அழைக்க ஆரம்பித்தால் "அவங்களுக்கே போடுங்க மேடம், சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பாங்க" என்று திருப்பி விடுங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, அவர் சொன்ன நேரத்தில், அவருக்கு ஒரு போன். கேட்க வேண்டியது "அந்த மேடம் சரியா பேசினாங்களா, மறுபடி போவீங்களா?" என்பதுதான். "என்ன சொன்னாங்க" என்று கேட்காதீர்கள், அது இனி உங்கள் விஷயமில்லை. சரியில்லை என்றால் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லாமல் பட்டியலில் இருக்கும் இரண்டாவது ஆளைக் காட்டுங்கள். முதல் ஆளிடம் நடந்ததைச் சொல்லலாமா என்பதையும் அவரிடம் கேட்டே செய்யுங்கள்.

வழக்கு போட்டவருக்கு இரண்டு நினைவூட்டல் தேவைப்படும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால உதவியும் கேட்கலாம். தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2018-இல் வகுத்த திட்டத்தில் வல்லுறவுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் வரை என்று இருக்கிறது. இதைப் போலீஸோ ஆஸ்பத்திரியோ தானாகச் சொல்வது அபூர்வம்.

போனை எடுக்கவில்லை என்றால் துரத்தாதீர்கள். இரண்டு தடவை முயன்று பார்த்து விட்டுவிடுங்கள், வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள். சிலர் பல மாதம் கழித்து அவர்களாகவே அழைப்பார்கள், அப்போது "ஏன் அன்னைக்கு எடுக்கல" என்று கேட்காமல் இரண்டாம் படியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

11. உங்கள் கையில் மிச்சமிருக்கும் காகிதம்

அனுமதிக்காக எழுதிய அந்த மூன்று வரித் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே கிழியுங்கள். போனில் இருக்கும் செய்திகளை இரண்டு பக்கமும் அழியுங்கள், ஆனால் செய்தவன் அனுப்பிய மிரட்டலோ படமோ இருந்தால் அது ஆதாரம், அழிக்காமல் அவர் போனிலேயே இருக்கட்டும், உங்களுக்கு ஃபார்வர்ட் செய்யச் சொல்லாதீர்கள். படம் இணையத்தில் ஏறிவிட்டது என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு இருவருமாக உட்கார்ந்து அழையுங்கள்.

நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியது முதல் படியில் எழுதிய ஆட்கள் பட்டியல் மட்டும்தான். ஒவ்வொரு அறிமுகத்துக்குப் பிறகும் அதைத் திறந்து, யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை, யார் சொன்ன நேரத்துக்கு இருந்தார் என்று பேருக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதி, தேதி போட்டு வையுங்கள்.